உரக்கடை மாடியில் கடைசி இரண்டு விடைகள்

நான்கு விடைகளில் இரண்டைத் தள்ளுவதற்கு யாருக்கும் வாத்தியார் தேவையில்லை. மீதி இரண்டுக்கு நடுவே மாட்டிக்கொண்டு பேனா மூடியைக் கடிப்பவர்களால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

போட்டித் தேர்வு எழுதிப் பாவத்தைத் தொலைத்துக்கொண்டிருக்கும் அன்பர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தேர்வு மண்டபத்தில் 'அ'வும் வேண்டாம், 'ஆ'வும் வேண்டாம் என்று வீரமாக அடித்துவிட்டு, 'இ'யா 'ஈ'யா என்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நேரம் உங்களுக்கும் வந்திருக்கும். தவறாகப் போட்டால் இருக்கிற மதிப்பெண்ணிலும் கழிப்பார்கள். போடாமல் விட்டால் பக்கத்து பெஞ்சுக்காரர் போட்டிருப்பாரே என்று வயிறு எரியும்.

வில்லியனூரில் ஒரு உரக்கடையின் மாடியில் நான் ரீசனிங், அதாவது தருக்க அறிவுப் பாடம் நடத்துகிறேன். பாகூரிலிருந்தும் அரியாங்குப்பத்திலிருந்தும் சுத்துக்கேணியிலிருந்தும் டூவீலரில் வந்து சேருகிறார்கள். கீழே யூரியா மூட்டை, மேலே நாங்கள். என்னிடம் படித்தவர்கள் எந்த ஆபீசில் உட்கார்ந்திருந்தாலும் பக்கத்தில் போனால் லேசாக உர வாசனை வரும் என்று கேலி பேசுகிறார்கள். வரட்டும். அந்த வாசனை அடிக்கிற ஆபீஸ்கள் புதுச்சேரியில் நிறைய இருக்கின்றன என்பதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

ஏன் அது இல்லை?

என் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. சரியான விடையைச் சொன்னதற்காக யாரும் உட்கார்ந்துவிட முடியாது. அதற்குப் பக்கத்தில் நிற்கிற விடையை ஏன் தள்ளினாய் என்று சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும். "ஏன் இது?" என்று நான் கேட்பதே இல்லை. "ஏன் அது இல்லை?" என்றுதான் கேட்பேன். பெண் பார்க்கப் போனவர்கள் ஒரு வரனை வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டாமா, அந்த மரியாதைதான் தப்பான விடைக்கும். புதிதாகச் சேருபவர்கள் முதல் வாரம் முழுக்க நின்றுகொண்டேதான் இருப்பார்கள். நின்று நின்று கால் வலித்த பிறகு மூளை தானாக வேலை செய்ய ஆரம்பிக்கும்.

சுத்துக்கேணியிலிருந்து வந்த கலையரசி அக்கா சேர்ந்த அன்றும் இப்படித்தான் நின்றார். என்னைவிட மூத்தவர், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன. வீட்டுக்காரர் கரும்பும் நெல்லும் போடுகிறார். எழுத்தர் தேர்வைப் பல வருடமாக விடாமல் எழுதுகிறார். போன முறை ஒரே ஒரு கேள்வியில் வாய்ப்பு போனது. வயது வரம்பு அவருக்கு இந்த முறையோடு முடிகிறது. இதில் வரவில்லை என்றால் இனி விண்ணப்பம் போடவே முடியாது. இதையெல்லாம் அவர் மூச்சு விடாமல் சொன்னார். நானும் பாவமாகக் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே, உட்காரச் சொல்லவில்லை. பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் அவருக்கு ஆறுதல் சொன்னாள்: "நின்னுகினே இருங்கக்கா, பழகிடும். நாங்க ரெண்டு பேரு செருப்பே மாத்திட்டோம்."

போர்டு வைத்தவர்

பாகூரிலிருந்து முருகவேல் வருவார். காலையில் குட்டியானை வண்டி ஓட்டிக் காய்கறி இறக்கிவிட்டு அப்படியே வகுப்புக்கு வந்துவிடுவார். ஒரு நாள் அனுமானக் கேள்வி ஒன்று போட்டேன். கூற்று: 'பாலத்தில் பழுது வேலை நடப்பதால் கனரக வாகனங்கள் மாற்றுப் பாதையில் செல்லவும்' என்று ஓர் அறிவிப்புப் பலகை. இதற்குள் மறைந்திருக்கும் அனுமானம் எது? ஒன்று: மாற்றுப் பாதை இருக்கிறது. இரண்டு: ஓட்டுநர்கள் இதைப் படித்து அதன்படி நடப்பார்கள்.

முதலாவது மட்டுமா, இரண்டுமா என்பதுதான் சண்டை. வகுப்பு மொத்தமும் முதலாவது மட்டும் என்று கை தூக்கியது. முருகவேல் மட்டும் இரண்டும் இல்லை என்றார். ஏன் அது இல்லை என்று கேட்டேன். "போர்டு வச்சா எவன் மிஸ் படிக்கிறான்? பாலத்துகிட்ட போய் நின்னு எட்டிப் பாத்துட்டு, அப்பறம்தான் வண்டியத் திருப்புவோம். மாத்துப் பாதைன்னு அம்புக்குறி போட்டிருக்கும், அந்தப் பக்கம் போனா யாரோ ஒருத்தர் வூட்டு மாட்டுக் கொட்டா வரும்" என்றார். வகுப்பே சிரித்தது. கலையரசி அக்காவும் அன்றுதான் முதல் முறையாகச் சிரித்தார்.

எனக்குக் கோபம் வந்தது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான். கேள்வி கேட்பது ஊர் நிலவரத்தை அல்ல. பலகை வைத்தவர் மனதில் என்ன நினைத்துக்கொண்டு வைத்தார் என்பதை. படிப்பார்கள் என்று நம்பாதவர் பலகையே வைத்திருக்க மாட்டார். ஆகவே இரண்டும் மறைந்திருக்கின்றன. இதைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி, எல்லோரையும் வாய்விட்டுப் படிக்க வைத்தேன். முருகவேல் முழுசாகக் கேட்டுக்கொண்டு, ஒப்புக்கொண்டு, உட்காரும்போது சொன்னார்: "அப்ப போர்டு வச்சவரு இந்தப் பக்கத்து ஆளே கெடையாது மிஸ்."

தாய்மாமன் மனைவி

உறவுமுறைக் கேள்வியில் எங்கள் ஊர்க்காரர்களை யாரும் அசைக்க முடியாது என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்த காலம். ஒரு பெண் ஒரு புகைப்படத்தைக் காட்டி, 'இவர் என் அம்மாவின் ஒரே தம்பி' என்கிறாள். அம்மாவுக்கு அண்ணனும் இல்லை. அந்த மனிதரின் மனைவி இந்தப் பெண்ணுக்கு என்ன உறவு? சித்தி, அத்தை, அக்கா, சொல்ல இயலாது. சிறு குழந்தைகூட அத்தை என்று சொல்லும். எல்லோரும் அத்தை என்றார்கள்.

சங்கீதா மட்டும் 'சொல்ல இயலாது' என்று எழுதியிருந்தாள். நன்றாகப் படிக்கிற பெண், போன மாதம்தான் கல்யாணம் முடிந்து மஞ்சள் கயிறு மின்ன வகுப்புக்குத் திரும்பியிருந்தாள். நிற்க வைத்து, "ஏன் அத்தை இல்லை?" என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவள் கட்டிக்கொண்டிருப்பது சொந்தத் தாய்மாமனை. கல்யாணத்துக்கு நானே போய்ப் பந்தியில் உட்கார்ந்து வடை இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி எழுதியவர் எந்த ஊர்க்காரரோ, அவருக்கு அக்கா மகளைக் கட்டுகிற வழக்கம் தெரிந்திருக்காது, தேர்வில் அத்தை என்றே போட்டுவிடு, மதிப்பெண் வரும் என்று சமாதானம் சொன்னேன். மனதுக்குள் அவள் சொன்னதுதான் சரியென்று எனக்கும் பட்டது. பெருமையாகவும் இருந்தது. அவளோ விடுவதாக இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப நான் எனக்கே அத்தையா மிஸ்?"

நீளமான விடை

பக்கத்து அறையில் கணக்கு நடத்துகிறவர் தனசேகர் சார். தங்கமான மனிதர். ஆனால் ரீசனிங் என்பது அதிர்ஷ்டம் என்பது அவருடைய கட்சி. ஒரு கல்யாணத்துக்காக நான் லீவு போட்ட நாளில் என் வகுப்பையும் சேர்த்து அவரே பார்த்துக்கொண்டார். திரும்பி வந்து ஒரு டெஸ்ட் வைத்தேன். திருத்தும்போது தலை சுற்றியது. எல்லோரும் ஒரே மாதிரி தப்புப் பண்ணியிருந்தார்கள். விசாரித்தால், "ரெண்டு விடையில சந்தேகம் வந்தா எது நீளமா இருக்குதோ அதப் போட்டுடு" என்று சார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே உட்கார்ந்து ஒரு கேள்வித்தாள் தயாரித்தேன். ஒவ்வொரு கேள்வியிலும் நீளமான விடை தப்பு. சில இடங்களில் தப்பான விடையை வேண்டுமென்றே இரண்டு வரிக்கு இழுத்தேன். சார் சொன்னதை நம்பியவர்கள் எல்லோரும் மண்ணைக் கவ்வினார்கள். கலையரசி அக்கா மட்டும் நன்றாக வாங்கியிருந்தார். கேட்டபோது, நீளத்தைப் பார்க்கிற அளவுக்குத் தனக்கு நேரம் இல்லை, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்ததாகச் சொன்னார். எனக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

அந்தக் கேள்வித்தாளைத் தனசேகர் சார் மேஜையில் பெருமையாகக் கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பிறகு வருத்தமாகச் சொன்னார்: "மேடம், எக்ஸாம் வெக்கறவங்க உங்கள மாதிரி கெட்டவங்களா இருக்க மாட்டாங்க."

கடல் இருக்கும் பக்கம்

திசைக் கேள்வியில் வடகிழக்கா தென்கிழக்கா என்று குழம்பாதவர் யார்? 'ராமு வடக்கே நடந்தான், வலப்பக்கம் திரும்பினான், மறுபடியும் வலப்பக்கம் திரும்பினான்' என்று படிக்கும்போதே நமக்குத் தலை கிறுகிறுக்கும். ராமுவுக்கு வீட்டில் வேலை இல்லையா என்று கேட்கத் தோன்றும்.

பூரணாங்குப்பத்திலிருந்து வந்த அந்தோணி மட்டும் இதில் ஒரு தப்பு செய்ததில்லை. மீன்பிடிக் குடும்பம். கேள்வியைப் படித்ததும் கண்ணை மூடுவான். மனதுக்குள் கடலைப் பார்த்து நின்றுகொள்வான். எதிரே கிழக்கு, இடது கைப்பக்கம் புதுச்சேரி, அது வடக்கு. வலது கைப்பக்கம் கடலூர், அது தெற்கு. ராமு எத்தனை முறை திரும்பினாலும் கடல் திரும்பாது. பேப்பரில் ஒரு கோடு போடாமல் விடை சொல்லிவிடுவான். இதை நான் மற்றவர்களுக்கும் பாடமாகவே நடத்த ஆரம்பித்துவிட்டேன்.

அவனுக்கு வேலையும் கிடைத்தது. நம் புதுச்சேரி அரசு வேலையில் ஒரு விசேஷம் உண்டே, போஸ்டிங் எங்கே வேண்டுமானாலும் விழும். அவனுக்கு மேற்குக் கரையில் இருக்கும் மாஹேயில் விழுந்தது. ரயிலேறிப் போய்ச் சேர்ந்த அன்று எனக்கு போன் செய்தான். குரலில் பெரிய அதிர்ச்சி: "மிஸ், இங்க கடலு ராங் சைடுல இருக்குது. நான் எப்டி ஆபீஸ் போவேன்?"

பேனா எப்படிப் புத்தகம் ஆகும்?

கலையரசி அக்காவுக்கு எல்லாம் வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. அது என்னவென்று சொன்னால் உங்களுக்கும் பழைய காயம் வலிக்கும்.

'எல்லாப் பேனாக்களும் புத்தகங்கள். சில புத்தகங்கள் நாற்காலிகள்.' இது கூற்று. முடிவு ஒன்று: சில பேனாக்கள் நாற்காலிகள். முடிவு இரண்டு: எந்தப் பேனாவும் நாற்காலி அல்ல. விடையில் 'இ' என்பது ஏதாவது ஒன்று உண்மை. 'ஈ' என்பது இரண்டும் இல்லை. அக்கா ஒவ்வொரு முறையும் 'ஈ' போடுவார். முதல் முடிவையும் உறுதியாகச் சொல்ல முடியாது, இரண்டாவதையும் சொல்ல முடியாது, அப்புறம் இரண்டும் இல்லைதானே என்பது அவர் வாதம். பாதி தேர்வர்கள் விழுகிற குழி அது.

இதற்கு நான் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறேன். என் சொந்தத் தயாரிப்பு. இரண்டு முடிவும் தனித்தனியாக நிற்காமல் போய், ஒன்று 'சில' என்றும் இன்னொன்று 'எந்த... அல்ல' என்றும் அதே ஆட்களைப் பற்றி ஜோடியாக வந்தால், கண்ணை மூடிக்கொண்டு 'இ'. இந்தச் சூத்திரத்தால் கரையேறியவர்கள் எத்தனையோ பேர். அக்காவுக்கு வட்டம் போட்டுக் காட்டினேன். கலர் சாக்பீசில் காட்டினேன். சூத்திரத்தைத் தாலாட்டு மாதிரி ராகம் போட்டும் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் டெஸ்டில் மறுபடியும் 'ஈ'.

தேர்வுக்குச் சில நாளே இருந்தது. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவரை உட்கார வைத்து, "அக்கா, போன முறை ஒரு கேள்வியில் போயிற்று. இது அந்த ஒரு கேள்வியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். கண் கலங்கிவிட்டது அவருக்கு. வீட்டில் மாமியார், இதோடு விட்டுவிட்டு மாட்டைப் பார் என்று சொல்லிவிட்டாராம். வீட்டுக்காரர் மட்டும், "வயசு இருக்கிற வரைக்கும் எழுது, நான் பாத்துக்கறேன்" என்று தினமும் வண்டியில் கொண்டுவந்து விட்டுக் கூட்டிப் போகிறார். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று அழுதார். நானும் அழுதுவிடுவேன் போல இருந்தது, அதனால் அதட்டலாக மறுபடியும் சூத்திரத்தை ஆரம்பித்தேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பேனாவ நாற்காலி ஆக்கறவன்கிட்டப் போயி நான் ஏன் மிஸ் வேல கேக்கணும்?"

பள்ளிக்கூட வாசலில்

தேர்வு புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. என் பிள்ளைகள் நிறையப் பேர் எழுதியதால் நான் வாசலில் நின்றிருந்தேன். பெற்றவர்கள்கூட ஒரு பிள்ளைக்காகத்தான் கவலைப்படுவார்கள், நான் ஒரு கூட்டத்துக்கே கவலைப்பட்டுக்கொண்டு நின்றேன். தனசேகர் சாரும் கூட வந்திருந்தார். கலையரசி அக்காவின் வீட்டுக்காரர் எதிரே வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, அதன்மேல் உட்காராமல் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார்.

மணி அடித்ததும் முருகவேல் முதலில் வந்தார். "மிஸ், பேனா நாற்காலி கேள்வி வந்துடுச்சி. ஆனா ஏரி வச்சிக் கேட்டாங்க" என்றார். எல்லா ஏரிகளும் நீர்நிலைகள். சில நீர்நிலைகள் வற்றியவை. முடிவு ஒன்று: சில ஏரிகள் வற்றியவை. முடிவு இரண்டு: எந்த ஏரியும் வற்றியதல்ல. அச்சு அசலாக அதே குழி. அக்கா வந்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏரிக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். 'இ' என்றார்.

ரோடு என்றும் பாராமல் அவரைக் கட்டிக்கொண்டேன். என் சூத்திரம் கடைசி நேரத்தில் கைகொடுத்துவிட்டது! தனசேகர் சாரைப் பார்த்து, "பார்த்தீங்களா சார், ராகம் போட்டுச் சொன்னது வீண் போகல" என்றேன். சார் அமைதியாகச் சொன்னார்: "ரெண்டுல 'இ'தான் மேடம் நீளமான விடை."

சண்டைக்குக் கூப்பிடுகிற கடிதம்

சில நாளில் தேர்வு நடத்தியவர்கள் தற்காலிக விடைகளை வெளியிட்டார்கள். ஏரிக் கேள்விக்கு 'ஈ' என்று போட்டிருந்தது. இரண்டும் இல்லையாம்! கலையரசி அக்காவின் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தோம். அந்தக் கேள்வி போய், அதற்குக் கழித்ததும் போனால் போன முறை மாதிரியே விளிம்பிலிருந்து கீழே. அது திரும்பக் கிடைத்தால் மேலே. அவ்வளவுதான் வித்தியாசம். அதற்குப் பின்னால் அவருடைய வயது ஒரு கதவைச் சாத்திக்கொண்டு நின்றது.

விடை தப்பென்று நினைப்பவர்கள் காரணம் எழுதி ஆட்சேபம் தெரிவிக்கலாம். எழுத வேண்டியது தேர்வு எழுதியவர்தான். நான் சும்மா இருப்பேனா? வட்டங்கள் வரைந்து, சூத்திரத்தை மேற்கோள் காட்டி, பெரிய பெரிய தருக்கச் சொற்களைப் போட்டு ஒரு முழுப் பக்கம் தயாரித்துக் கொடுத்தேன். அக்கா படித்தார். மறுபடியும் படித்தார். "இதப் படிச்சிட்டு அவுங்க எதுனா திருப்பிக் கேட்டா நான் இன்னா மிஸ் சொல்றது? நானே எழுதறேன்" என்று ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார்.

அவர் எழுதியது இவ்வளவுதான். "சில ஏரிகள் வற்றியவை என்பது பொய் என்றால், ஓர் ஏரிகூட வற்றவில்லை என்று ஆகிறது. அப்போது இரண்டாவது முடிவு உண்மையாகிவிடும். இரண்டாவது பொய் என்றால், எங்கோ ஓர் ஏரியாவது வற்றியிருக்கிறது. அப்போது முதல் முடிவு உண்மையாகிவிடும். இரண்டுமே இல்லாத ஊர் ஒன்று இருந்தால் தயவு செய்து காட்டவும். நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை."

"ஏன் அது இல்லை?" என்று இத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருந்தேனே, அதற்கு இவ்வளவு அழகான பதிலை நானே சொன்னதில்லை. என் முழுப் பக்கத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆட்சேபத்தை அனுப்புவதற்கு முன் அவருடைய வீட்டுக்காரர் ஒரு தடவை வாங்கிப் படித்தார். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: "நல்லாத்தான் கீது. ஆனா வேல கேக்கற மாதிரி இல்லியே, சண்டைக்குக் கூப்புடற மாதிரி இல்ல கீது?"

புரியாத சூத்திரம்

இறுதி விடை வருவதற்குள் நான் பட்ட பாடு இருக்கிறதே, என் சொந்தத் தேர்வு முடிவுக்குக்கூட அப்படிப் பட்டதில்லை. வகுப்பில் யாராவது ஏரி என்று சொன்னாலே எரிந்து விழுந்தேன். கலையரசி அக்கா வகுப்புக்கு வருவதை நிறுத்தியிருந்தார். நாற்று நடவு நேரம், வயலில் இருக்கிறார் என்றார்கள். போன் பண்ண எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு நாள் வகுப்பு நடக்கும்போது தனசேகர் சார் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். கையில் போன். 'ஈ'யை 'இ' என்று மாற்றிவிட்டார்கள், தேர்வானவர்கள் பட்டியலில் அக்காவின் பெயர் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில்தான், இருந்தால் என்ன? பெயர் பெயர்தான். வகுப்பு போட்ட கூச்சலில் உரக்கடைக்காரர் மாடி சரிந்துவிட்டதோ என்று மேலே ஓடி வந்தார். நான் எல்லோர் முன்னாலும் அழுதேன். அதட்டவெல்லாம் இல்லை, நன்றாகவே அழுதேன்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்காரரோடு வந்தார். வயலிலிருந்து நேராக வந்திருப்பார் போல, புடவைக் கரையில் சேறு காயவில்லை. வீட்டுக்காரர் மைசூர்பாகு டப்பாவைத் திறந்து பெஞ்சு பெஞ்சாக நீட்டிக்கொண்டே போனார். நான் விடவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், அவர்களுக்கும் தெரியட்டுமே என்று அக்காவைக் கரும்பலகைக்கு முன்னால் நிற்க வைத்து, "சொல்லுங்கக்கா, நம்ம சூத்திரம் அங்க எப்படி ஞாபகம் வந்தது?" என்று கேட்டேன்.

அக்கா என்னையும் கரும்பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத முகம் அது. தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கோச்சிக்காதீங்க மிஸ். அந்த சூத்திரம் எனக்குக் கடசி வரைக்கும் புரியவே இல்ல. அதான் வேற வழி இல்லாம, மனசுக்குள்ளயே வண்டிய எடுத்துகினு ஊசுட்டேரி, பாகூர் ஏரின்னு ஒவ்வொண்ணாப் போயி எட்டிப் பாத்தேன். புரிஞ்சிருந்தா யோசிச்சே இருக்க மாட்டேன்."

எல்லோருக்கும் எளிதாகப் புரிய வைப்பதுதான் என் தொழில் என்று இறுமாந்திருந்த நான், இப்போதெல்லாம் ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒருவருக்காவது என் பாடம் புரியாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் மாடிப்படி ஏறுகிறேன்.